மூன்று கடிகாரம் ஓடிய ஊர்

நெதர்லாந்தின் பாக்ஸ்டெல் ஊரிலிருந்து கிழக்கே கிளம்பி, மாஸ் ஆற்றைத் தாண்டி, ஜெர்மனியில் ரைன் கரையோரம் இருக்கும் வேசல் வரை ஒரு ரயில் பாதை போய்க்கொண்டிருந்தது. மொத்தம் 90 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டச்சுக்காரர்கள் அதைச் செல்லமாக ‘ஜெர்மன் லைன்’ என்று கூப்பிட்டார்கள். எல்லையைத் தாண்டிப் போய் அதே பாதையைக் கேட்டால், ஜெர்மன்காரர்கள் ‘பாக்ஸ்டெல் லைன்’ என்பார்கள். இரண்டு பக்கத்தாரும் எதிர்ப்பக்கத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அப்படியானால் அந்தப் பாதை யாருடையது? நடுவில், எல்லையை ஒட்டி, கென்னெப் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பாதை அந்த ஊருடையது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

டச்சுக்காரர்கள் உச்சரிக்கும்போது முதல் எழுத்து ‘க’ மாதிரி வராது. தொண்டையைச் சுரண்டிக்கொண்டு ‘ஹ’ மாதிரி வரும். எழுத வசதியாக இருக்கட்டும் என்று கென்னெப் என்றே எழுதுகிறேன்.

நான் நைமேகனில் குடியிருக்கிறேன். அங்கிருந்து கென்னெப் தெற்கே அதிக தூரமில்லை. ஆனாலும் முதல் தடவை போனபோது நேராகப் போகவில்லை. சைக்கிளோடு ரயில் ஏறி, ஆற்றின் மேற்குக் கரையில் பாக்ஸ்மேரில் இறங்கி, ஊஃபெல்ட் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். பழைய ரயில் எந்தப் பக்கத்திலிருந்து ஊருக்குள் வந்ததோ அதே பக்கத்திலிருந்து நுழைய வேண்டும் என்று ஓர் ஆசை. அந்த ஆசைக்குப் பலன் இருந்தது. பாலத்தில் ஏறும்வரை ஆறே கண்ணில் படாது. புல்வெளி, மாடு, வேலி, மறுபடி புல்வெளி. பிறகு சாலை மெல்ல மேலே ஏறும். எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும். உச்சிக்கு வந்தவுடன் கீழே மாஸ், அகலமாக, அவசரமே இல்லாமல். மணலோ சரளையோ ஏற்றிய படகு ஒன்று தண்ணீரில் ஆழ அமிழ்ந்து போய்க்கொண்டிருக்கும். எதிர்க்கரையில் வீட்டுக் கூரைகள்.

இப்போது அங்கே இருப்பது சாலைப்பாலம். ரயில் பாலம் நின்ற இடத்தில் 1950களில் கட்டியது. நான் நடுவில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். லாரி ஒன்று கடக்கும்போது கைப்பிடி அதிர்ந்தது, உள்ளங்கையில் தெரிந்தது. ஒரு காலத்தில் லண்டனிலிருந்து பெர்லினுக்குப் போகும் எக்ஸ்பிரஸ் இந்த இடத்தில்தான் ஆற்றைத் தாண்டியது.

சரி, லண்டன் வண்டி இங்கே ஏன் வந்தது? அதற்கு இந்த மண்ணின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

நெதர்லாந்தின் வரைபடத்தில் மாஸ் ஆற்றின் கிழக்குக் கரையைப் பாருங்கள். ஆற்றுக்கும் ஜெர்மன் எல்லைக்கும் நடுவே ஒரு நாடா மாதிரி ஒடுக்கமாக நிலம் ஓடும். நெப்போலியன் தோற்ற பிறகு, 1815, 1816ல் எல்லை பிரித்தார்கள். ஆற்றங்கரைவரை ஜெர்மன் பக்கத்து அரசான பிரஷ்யாவுக்கு விட்டால் ஆற்றுப் போக்குவரத்து பிரஷ்யப் பீரங்கியின் கைக்குள் போய்விடும். அதனால் கரையிலிருந்து ஒரு பீரங்கிக் குண்டு பாயும் தூரத்துக்கு எல்லையைத் தள்ளி வைத்தார்கள். அந்த நாடாவுக்குள் விழுந்த ஊர்களில் ஒன்று கென்னெப். அதுவரை அது க்ளேவ சீமையைச் சேர்ந்தது. அந்த வழியில் பிரஷ்ய மன்னர்களின் ஊர். ஒரு குண்டு பாயும் தூரத்தை அளந்ததில் டச்சு ஊராகிவிட்டது.

பழமைக்கு ஒரு குறையும் இல்லாத ஊர். 1371ல் நகர உரிமை பெற்றது. நீர்ஸ் என்ற சிற்றாறு மாஸில் கலக்கும் முனையில் ஒரு கோட்டை இருந்தது. 1641ல் டச்சு இளவரசர் ஃப்ரெடரிக் ஹென்றி அதை முற்றுகையிட்டுப் பிடித்தார். இன்று அங்கே கோட்டை இல்லை, மண்மேடுகள்தான் இருக்கின்றன. மஞ்சளும் பழுப்புமாகக் கோலம் எழுதிய மண்தட்டுகள் செய்யும் குயவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். பிரெமான்ஸ்ட்ராட்டென்சியன் துறவு சபையை நிறுவிய புனித நார்பர்ட் 1080 வாக்கில் பிறந்தவர். கென்னெப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. அவர் பிறந்தது கென்னெப்பிலா, ஜெர்மனியின் க்ஸான்டனிலா என்று இரண்டு ஊரும் இன்னும் உரிமை கொண்டாடுகின்றன. எட்டு நூற்றாண்டு கழித்து வந்த ரயில் இந்த இரண்டு ஊரையும் ஒரே பாதையில் கோர்த்துவிட்டது. க்ஸான்டன் அந்த ‘பாக்ஸ்டெல் லைனில்’ ஒரு ஸ்டேஷன்.

காகிதத்தில் நகரம்தான். ஆனால் 1870க்கு முன்னால் வாழ்க்கை என்று பார்த்தால் கென்னெப் ஒரு கிராமம். வயல், மாடு, சந்தை, சர்ச், ஆறு பெருகினால் வெள்ளம். அதனால்தான் இதை ‘ரயில் நகரம்’ என்று சொல்லாமல் ‘ரயில் கிராமம்’ என்று சொல்லும்போது காதுக்குப் பொருத்தமாகப் படுகிறது.

1869ல் ‘வடக்கு பிராபான்ட் – ஜெர்மன் ரயில்வே கம்பெனி’ உருவானது. டச்சு எழுத்துகளில் சுருக்கி என்.பி.டி.எஸ். என்பார்கள். யோசனை எளிமையானது. கடலோரத்திலிருந்து ஜெர்மனிக்கு உள்ளே போக எது குறுக்கு வழி? ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டால் அது பிராபான்ட் வழியாக வேசலுக்குப் போகிறது. அந்தக் கோட்டிலேயே தண்டவாளம் போட்டுவிட்டால் நேரம் மிச்சம், காசு லாபம். 1873ல் பாக்ஸ்டெலிலிருந்து கென்னெப் வழியாக ஜெர்மனியின் கோஹ் வரை வண்டி ஓடியது. 1878ல் வேசல்வரை நீண்டது. வேசலில் ரைன் மேல் ஏற்கெனவே, 1874ல், பெரிய பாலம் வந்திருந்தது. அதற்கு அப்பால் பெர்லின் திறந்து கிடந்தது.

ஆனால் வழியில் பெரிய ஊர் ஒன்றுமில்லை. ஸ்கைன்டெல், ஃபெஹல், ஊடன், மில் எல்லாம் அன்றைக்கு மணல்காட்டு ஊர்கள். இவர்களின் உள்ளூர்ப் பயணிகளை நம்பிக் கம்பெனி பிழைக்க முடியாது. தொடக்க வருடங்களில் பணக் கஷ்டம்தான். அதைக் காப்பாற்றியது கப்பல்.

1875ல் ஜேலண்ட் என்ற கப்பல் கம்பெனி ஃப்ளிஸ்ஸிங்கன் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் விட ஆரம்பித்தது. இங்கிலாந்துக் கரையில் முதலில் ஷீர்னஸ், பிறகு க்வீன்பரோ. லண்டனில் ராத்திரி ரயில் ஏறி, க்வீன்பரோவில் கப்பல் ஏறி, காலையில் ஃப்ளிஸ்ஸிங்கனில் இறங்கி, அங்கே நிற்கும் எக்ஸ்பிரஸில் ஏறினால் ரோசென்டால், ப்ரேடா, டில்பர்க், பாக்ஸ்டெல், அங்கிருந்து நம்முடைய லைன். 1880களில் தபால் மூட்டைகளும் பெர்லின் பயணிகளும் இந்த வழியில் வரத் தொடங்கியபோதுதான் ரயில் கம்பெனிக்கு மூச்சு வந்தது. பெர்லினோடு நிற்கவில்லை. அதற்கு அப்பால் வார்சா, பீட்டர்ஸ்பர்க் என்று தொடர் வண்டிகள் இருந்தன.

அந்த ரயில் கம்பெனி தன் தலைமையகம், இன்ஜின் ஷெட், பணிமனை எல்லாவற்றையும் கென்னெப்பில் வைத்தது. எல்லையில் ஓர் ஊர், பாதையின் ஏறக்குறைய நடுவிலும் அதுவே. வேறு எங்கே வைப்பார்கள்?

ஓர் ஊருக்கு நடுவில் இன்ஜின் ஷெட் வருவது என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். நீராவி இன்ஜினைச் சாவி திருகிக் கிளப்ப முடியாது. குளிர்ந்து கிடக்கும் பாய்லரில் நெருப்பு மூட்டினால் வண்டி இழுக்கும் அளவுக்கு நீராவி ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். காலை ஆறு மணி வண்டிக்கு நடுராத்திரியே ஒருவர் வந்து நெருப்பு போட வேண்டும். அப்புறம் டிரைவர், ஃபயர்மேன். சாம்பல் வாரவும் கரி ஏற்றவும் தனித்தனி ஆட்கள். குறிப்பிட்ட நாளுக்கு ஒரு முறை பாய்லரைக் காலி செய்து உள்ளே படிந்த சுண்ணாம்பைக் கழுவ வேண்டும்; இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். சக்கரத்தின் இரும்புப் பட்டை தேய்ந்தால் கடைசலில் ஏற்றித் திருத்த வேண்டும். கொல்லர், ஃபிட்டர், பாய்லர்மேன், தச்சர், பெயின்டர், கூடவே கணக்கெழுதும் குமாஸ்தாக்கள், தந்தி அடிப்பவர்கள், எல்லை என்பதால் சுங்க ஆட்கள். மாடு கறக்கும் நேரத்தை வைத்து எழுந்துகொண்டிருந்த ஊர், வண்டி நேரத்தை வைத்து எழ ஆரம்பித்திருக்கும். மாதச் சம்பளம் என்ற ஒன்று தெருவுக்குள் வந்திருக்கும். இந்த மாதிரி ஊர்களில் பிள்ளைகள் இன்ஜினின் ஊதலை வைத்தே நம்பர் சொல்லும். அது எல்லா ரயில்வே காலனிக்கும் பொது.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி கடிகாரம்.

1892ல் டச்சு ரயில்வே, கிரீன்விச் நேரத்துக்கு மாறியது. ஊர்கள் மாறவில்லை. ஊர்களில் சூரியனை வைத்த பழைய நேரம்தான். அது கிரீன்விச்சைவிட இருபது நிமிடத்துக்கு மேல் முன்னால் ஓடும். அடுத்த வருடம், 1893ல், ஜெர்மனி முழுக்க மத்திய ஐரோப்பிய நேரம் வந்தது. அது கிரீன்விச்சைவிட ஒரு மணி நேரம் முன்னால். இப்போது கென்னெப்பில் வந்து நில்லுங்கள். சர்ச் கடிகாரம் ஒரு நேரம் காட்டும். ஸ்டேஷன் கடிகாரம் அதற்குப் பின்னால் ஒரு நேரம் காட்டும். வண்டி ஏறிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி கோஹில் இறங்கினால் மூன்றாவது நேரம். கல்யாணத்துக்கு ஒரு கணக்கு, வண்டிக்கு ஒரு கணக்கு, மாமியார் வீட்டுக்கு ஒரு கணக்கு. எல்லையைத் தாண்டிப் பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் இவை. நூறு வருடத்துக்கு முன்புதான் ஒரே ஆட்சியில் இருந்தவர்கள். பேச்சு வழக்கும் இரண்டு பக்கமும் ஒட்டியே இருந்தது. கோடு இருந்தது காகிதத்திலும் கடிகாரத்திலும்தான்.

1909 மே 1ல் நெதர்லாந்து முழுக்க ஆம்ஸ்டர்டாம் நேரம் என்று சட்டம் வந்தது, ரயிலுக்கும் சேர்த்து. அது கிரீன்விச்சைவிட 19 நிமிடம் 32 நொடி முன்னால். அந்த 32 நொடியையும் விடாமல் சட்டமாக எழுதினார்கள். கென்னெப்பில் ஊர்க் கடிகாரமும் ஸ்டேஷன் கடிகாரமும் அன்றோடு சேர்ந்தன. கோஹுக்கும் கென்னெப்புக்கும் மட்டும் 40 நிமிடம் 28 நொடி இடைவெளி மீதமிருந்தது. அந்தக் கால டைம்டேபிள் எழுதிய குமாஸ்தாவை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது. ஒவ்வொரு சர்வதேச வண்டிக்கும் இரண்டு கணக்கில் நேரம் எழுதி, இரண்டும் பிசகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதே காலத்தில் கம்பெனி தன் உச்சத்தில் இருந்தது. வண்டிகள் கனமாகிக்கொண்டே போயின. படுக்கைப் பெட்டி, உணவுப் பெட்டி என்று சேர்ந்தன. இழுக்கப் பலமான இன்ஜின் வேண்டும். 1908ல் மான்செஸ்டரின் பேயர் பீகாக் தொழிற்சாலையிலிருந்து புது இன்ஜின்கள் வந்தன. முன்னால் நான்கு சிறு சக்கரம், பின்னால் இணைத்த ஆறு பெரிய சக்கரம். எக்ஸ்பிரஸ் இழுக்க நெதர்லாந்தில் இந்த அமைப்பில் வந்த முதல் இன்ஜின்கள் இவைதாம். ஆம்ஸ்டர்டாமிலோ உட்ரெக்டிலோ இருந்த பெரிய கம்பெனிகளுக்கு முன்னால், எல்லையோர ஊர் ஒன்றின் சின்னக் கம்பெனி அதை வாங்கியது. நீல நிறம் அடித்திருந்தார்கள். ‘நீலப் பிராபான்டர்கள்’ என்று பெயர் விழுந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் நான் அவற்றைப் பார்த்திருக்கிறேன். அந்த நீலம் எந்த நீலம் என்று மனசில் வைத்துப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். புல்வெளி, செங்கல் வீடுகள், சாம்பல் வானம், நடுவே நீலமாக ஓர் இன்ஜின்.

1913ல் நைமேகனிலிருந்து வென்லோவரை ஆற்றின் கிழக்குக் கரையோடு ஒரு நீராவி டிராம் வந்தது. அதன் தலைமை இடமும் கென்னெப்தான். ஆக, 1913ல் இந்த ஊர் கிழக்கு மேற்காக ஒரு சர்வதேச லைன், வடக்கு தெற்காக ஒரு டிராம் லைன் என்று இரண்டுக்கும் மையம். இந்த அளவு ஊருக்கு இதைவிட நல்ல காலம் வருமா?

ஆனால் அந்த எக்ஸ்பிரஸில் வந்தவர்களில் எத்தனை பேர் கென்னெப்பைப் பார்த்திருப்பார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. ஏறும் இடம் லண்டன், இறங்கும் இடம் பெர்லின். நடுவில் சுங்கக்காரர் வந்து பெட்டியைத் திறக்கச் சொன்ன ஓர் இடம், அவ்வளவுதான். மேற்கே போகிற வண்டியில் வந்தவர்கள் பாதித் தூக்கத்தில் இருந்திருப்பார்கள். இந்த ஊரில் நூற்றுக்கணக்கான கைகள் எண்ணெய் போட்டு, கரி அள்ளி, பாய்லர் கழுவி அந்த வண்டியை ஓட்டின. வண்டிக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அது வெளியே மஞ்சள் விளக்கு தெரிந்த ஒரு நிறுத்தம். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு தொழிலைச் சரியாகச் செய்தால் அதைச் செய்தவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். ரயில் தொழில் முழுக்கவே அப்படித்தான்.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. நெதர்லாந்து நடுநிலை நாடு. அதன் மண்ணில் சண்டை நடக்கவில்லை. கென்னெப்பில் ஒரு செங்கல்கூட உதிரவில்லை. ஆனால் லண்டனும் பெர்லினும் சண்டை போட்டால் லண்டன் – பெர்லின் வண்டியில் யார் ஏறுவார்கள்? நீல இன்ஜின்கள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள், தண்டவாளம் பளபளவென்று இருந்தது, வேலை மட்டும் இல்லை. கப்பல் கம்பெனி 1916ல் கண்ணிவெடிகளில் சிக்கி மூன்று கப்பலை இழந்தது. போர் முடிந்து பழைய போக்குவரத்து திரும்பவில்லை. 1919ல் டச்சுப் பகுதியின் ஓட்டம் அரசு ரயில்வேயின் கைக்குப் போயிற்று. 1920களில் ரயில் கம்பெனி கணக்கை முடித்தது. அரசு ரயில்வேக்கு டில்பர்கில் பெரிய பணிமனை இருந்தது. கென்னெப் பணிமனை அவர்களுக்கு எதற்கு? மூடினார்கள்.

இரண்டாவது போரில் கென்னெப் அடி வாங்கியதைத்தான் புத்தகங்கள் அதிகம் எழுதுகின்றன. அது உண்மைதான், அதற்கும் வருகிறேன். ஆனால் ஊரின் முதுகு ஒடிந்தது முதல் போரில், ஒரு குண்டுகூட விழாமல். அதை யாரும் நினைவுச்சின்னம் வைத்துச் சொல்வதில்லை. அதற்காகவே இங்கே அழுத்தி எழுதுகிறேன்.

1930களில் ஊரில் ஒரு காகித ஆலை வந்தது. டச்சில் ‘பாபீர்ஃபாப்ரீக் கென்னெப்’. இரண்டு சொல்லின் முதல் இரண்டிரண்டு எழுத்தையும் (Pa, Ge) சேர்த்து ‘பேஜ்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். நெதர்லாந்தில் இருப்பவர்கள் இப்போது நிமிர்ந்து உட்காருவார்கள். ஆமாம், சூப்பர்மார்க்கெட்டில் நாய்க்குட்டி படம் போட்டு விற்கிறார்களே, அந்த டாய்லெட் பேப்பர்தான். இந்த நாட்டில் ஏராளமான வீடுகளில் கென்னெப் என்ற பெயரின் இரண்டு எழுத்து இருக்கிறது. ரயில் போன பிறகு ஊரைத் தாங்கியதில் அந்த ஆலைக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி 1940 மே 10.

ஜெர்மன் படையெடுப்புக்குக் குறித்த நேரம் ஜெர்மன் கடிகாரத்தில் 5.35. அதே கணம் டச்சுக் கடிகாரத்தில் 3.55. அந்த நேர வித்தியாசம் இன்னும் இருந்தது; ஜெர்மனி கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்ததால் அது 1 மணி 40 நிமிடமாகியிருந்தது. மாஸ் ஆற்றின் பாலங்களைத் தகர்க்க டச்சுக்காரர்கள் எல்லாவற்றிலும் வெடி வைத்துத் தயாராக இருந்தார்கள். பெரும்பாலான பாலங்கள் சரியான நேரத்தில் தண்ணீரில் விழுந்தன. கென்னெப் ரயில் பாலம் மட்டும் விழவில்லை.

விடியற்காலை இருட்டில் பாலத்தை நோக்கி டச்சுக் காவல் உடுப்பில் சிலர், ஜெர்மன் கைதிகள் சிலரை நடத்திக்கொண்டு வந்தார்கள். காவல் இருந்தவர்கள் நம்பினார்கள். உடுப்பு போட்டிருந்தவர்களும் ‘கைதிகளும்’ ஜெர்மனியின் பிரான்டன்பர்க் சிறப்புப் படையும் அதன் கையாட்களும். கிழக்கு முனைக் காவலை மடக்கி, எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு முடிவெடுப்பதற்குள் பாலம் கைமாறிவிட்டது. உடனே கோஹ் பக்கத்திலிருந்து ஒரு கவச ரயில் வந்தது. அதன் பின்னால் ஒரு படை ரயில், ஒரு பட்டாளத்தையே ஏற்றிக்கொண்டு.

‘ஜெர்மன் லைன்’ என்ற செல்லப் பெயர் அன்று விடிகாலையில் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வண்டிகளும் பாலத்தைத் தாண்டி, ஊஃபெல்ட், ஹாப்ஸ் தாண்டி மில் ஊருக்கு வந்தன. அங்கேதான் டச்சுக்காரர்களின் பேல் – ராம் அரண் இருந்தது: புதிதாக வெட்டிய கால்வாய், அதன் பின்னால் கான்கிரீட் காப்பரண்கள். தண்டவாளத்தை மறிக்க ஓர் ஏற்பாடும் இருந்தது. பாதையில் குழி வைத்து அதில் இரும்புத் துண்டங்களை நட்டுவைப்பது. இப்படி நட்ட இரும்புக்குப் படைவீரர்கள் வைத்த பெயர் ‘அஸ்பாரகஸ்’. லிம்பர்க் மண்ணின் பேர்போன பயிர் அது, வசந்த காலத்தில் மண்ணிலிருந்து நேராகக் குத்திட்டு வரும். ஆனால் அந்தக் காலையில் இரும்பு நடப்படவில்லை. பாலம் விழவில்லை என்ற சேதி யாருக்கும் வந்து சேரவில்லை. இருட்டில் ரயில் வந்தால் நம் ரயிலாகத்தான் இருக்கும் என்றுதானே எவரும் நினைப்பார்? இரண்டு வண்டியும் அரணை ஊடுருவி, அதற்கு அப்பால் ஜேலண்ட் என்ற சின்ன நிறுத்தத்தில் போய் நின்றன. கப்பல் கம்பெனியின் ஜேலண்ட் வேறு, இது பிராபான்டில் ஒரு கிராமம்.

படை அங்கே இறங்கியது. அதாவது டச்சு அரணுக்குப் பின்னால். கவச ரயில் மட்டும் மில் நோக்கித் திரும்பியது. அதற்குள் யாரோ சில வீரர்கள் ஓடிப்போய் இரும்பை நட்டுவிட்டார்கள். கவச ரயில் அதில் மோதித் தடம்புரண்டது. பக்கத்தில் ஒரு பீரங்கிப் பிரிவு இருந்தது. அவர்களிடம் இருந்தவை 1880 காலத்துப் பீரங்கிகள். ஒவ்வொரு தடவை சுட்டதும் பீரங்கியே பின்னால் உருளும், மறுபடி தள்ளிவந்து குறி பார்க்க வேண்டும். கிழக்கே பார்த்து நிறுத்தியிருந்த அந்தப் பீரங்கிகளைக் கையால் மேற்கே திருப்பி, படை ரயிலைச் சுட்டார்கள். மில் சண்டை அன்று முழுக்க நடந்து, ராத்திரியோடு அரண் விழுந்தது. இரண்டு பக்கமும் நிறையப் பேர் செத்தார்கள்.

மே 16 அன்று, அதாவது ஆறு நாள் கழித்து, ஆக்கிரமித்தவர்கள் நெதர்லாந்தின் கடிகாரங்களை 1 மணி 40 நிமிடம் முன்னால் தள்ளிப் பெர்லினோடு சேர்த்தார்கள். கென்னெப்புக்கும் கோஹுக்கும் இடையே இருந்த இடைவெளி அன்றோடு போயிற்று. போருக்குப் பிறகும் நெதர்லாந்து பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. நான் இதை எழுதும்போது என் கையில் ஓடும் கடிகாரமும் அந்த நேரம்தான்.

1944ல் பின்வாங்கிய ஜெர்மன் படை பாலத்தைத் தகர்த்தது. அந்தக் குளிர்காலத்தில் மாஸ் போர்முனையானது. கிழக்குக் கரை நாடாவில் இருந்த ஊர்க்காரர்களைக் கிளப்பி, ஜெர்மனி வழியாக, நாட்டின் வடகோடிக்கு அனுப்பினார்கள். ஃப்ரீஸ்லண்டிலும் க்ரோனிங்கனிலும் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் அந்தக் குடும்பங்கள் தங்கின. டிராம் லைனும் 1944ல் நின்றது, பிறகு ஓடவே இல்லை. 1945 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் 51வது ஹைலேண்ட் டிவிஷன் நீர்ஸ் ஆற்றைப் படகில் தாண்டி வந்து கென்னெப்பைப் பிடித்தது. மாஸ் அப்போது கரை புரண்டு, புல்வெளி எல்லாம் ஏரி. அதன் மேல் பிரிட்டிஷ் பொறியாளர்கள் ஒரு பெய்லி பாலம் போட்டார்கள். இரும்புச் சட்டங்களைத் துண்டு துண்டாகக் கோர்த்துப் போடும் தற்காலிகப் பாலம். வெள்ளத்தையும் சேர்த்துத் தாண்ட வேண்டியிருந்ததால் அது 1,200 மீட்டருக்கு மேல் நீண்டது. அந்தப் போரில் போட்ட பெய்லி பாலங்களில் அதுவே மிக நீளம் என்கிறார்கள். அடுத்த மாதம், மார்ச் 10 அன்று, வேசலில் ரைன் பாலத்தை ஜெர்மானியர்கள் தகர்த்தார்கள்.

அதோடு லைன் முடிந்தது. இரண்டு ஆற்றிலும் பாலம் இல்லை. கென்னெப்பின் ரயில் பாலத்தை மறுபடி கட்டவில்லை. அந்த இடத்தில் சாலைதான் வந்தது. மேற்கே மிஞ்சிய துண்டில் பயணி வண்டி 1950ல் நின்றது. இன்று கென்னெப்புக்கு ரயில் கிடையாது. ஆனால் ஊருக்குள் முக்கியமான தெரு ஒன்றின் பெயர் இன்னும் ‘ஸ்போர்ஸ்ட்ராட்’, அதாவது ரயில் தெரு. அந்தத் தெருவில் ஒரு பேக்கரி வாசலில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சைக்கிளில் வந்த அம்மா ஒருவர் சின்னப் பையனிடம் “ரயில் தெருவில் நில், வந்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனார். பையன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக நின்றான்.

ஊர்க்காரர்கள் எதையும் தூக்கிப் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கென்னெப்பில் பழைய நகர மன்றம், சர்ச் கோபுரம், நீர்ஸ் ஓரத்து மண்மேடுகள் எல்லாம் பார்க்கத் தகுந்தவை. ஆனால் நான் பேசிப்பார்த்த பெரியவர்கள் யாரிடமும் 1371ஐப் பற்றிப் பெருமை கேட்கவில்லை. ரயில் என்றால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவருக்குத் தாத்தா, இன்னொருவருக்குத் தாத்தாவின் அப்பா. யாராவது ஒருவர் கரி அள்ளியிருக்கிறார், சிக்னல் இழுத்திருக்கிறார். கோட்டை பிரபுவுடையது. ஷெட் இவர்களுடையது.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ரயிலில் பாக்ஸ்மேர் வந்து, அங்கிருந்து சைக்கிளில் பாலம் தாண்டிக் கென்னெப் போங்கள். ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு, நீர்ஸ் மாஸில் சேரும் முனைக்குப் போங்கள். திரும்பும்போது மேற்கே மில் வரை மிதித்தால் கால்வாயும் கான்கிரீட் காப்பரண்களும் இருக்கின்றன. மேலே பாசி படர்ந்து, பக்கத்தில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். காலில் தெம்பு இருந்தால் இன்னொரு நாள் கிழக்கே போங்கள். ஜெர்மன் பக்கத்தில் பழைய பாதையின் சில துண்டுகள் சைக்கிள் பாதையாக இருக்கின்றன, ‘பாக்ஸ்டெல் லைன்’ என்ற பெயரோடு. வளைவே இல்லாமல் நேராகப் போகும், ஏற்ற இறக்கமும் இல்லை. மிதிக்கும்போதே இது ரயிலுக்குப் போட்ட பாதை என்று முழங்காலுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் ரைன் கரை. வேசலுக்கு எதிரே புல்வெளியில் பழைய பாலத்தின் செங்கல் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. நான் போன அன்று ஒரு வளைவின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. கடைசி வளைவுக்கு அப்புறம் தண்ணீர்தான்.